பழைய டீசல் லாரிக்கு அரசு தரும் மானியம்: எது யாருக்குப் பொருந்தும்?

நாமக்கல், சங்ககிரி, ராசிபுரம், திருச்செங்கோடு வட்டாரத்தில் எந்தப் புக்கிங் ஆபீஸில் போய் உட்கார்ந்தாலும் இப்போது ஒரு பேச்சு காதில் விழுகிறது. பதினைந்து வயதைத் தொட்ட பி.எஸ்.3 லாரியை (பி.எஸ். என்பது அரசு வகுத்த புகை அளவு விதி; எண் கூடக்கூடப் புகை குறைவு) வைத்துக்கொண்டு என்ன செய்வது? ஆண்டுக்கு ஒருமுறை எஃப்.சி. எனும் தகுதிச் சான்றுச் சோதனை வருகிறது. அதற்கு முன்னால் தொட்டி, கேபின், பிரேக், பெயின்ட் என்று பட்டறையில் பெரும்பணம் இறங்குகிறது. "உடைத்துப் போட்டால் அரசாங்கம் பணம் தருகிறதாமே" என்கிறார் ஒருவர். "கரன்ட் லாரிக்கு ஒன்பது லட்சம் தள்ளுபடியாம்" என்கிறார் இன்னொருவர். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டும் வேறு வேறு திட்டங்கள். ஒன்றுக்குத் தகுதியான வண்டி மற்றொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தாது.

என் பெரியப்பா மகனிடமும் இரண்டு லாரிகள் இருக்கின்றன. அண்ணனுக்காகக் கணக்குப் போடத் தொடங்கியதுதான் இந்தக் கட்டுரையாக நீண்டது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மானியத் தொகையைப் பார்த்து வண்டியை முடிவு செய்யக் கூடாது. வண்டி ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, ராத்திரி எங்கே நிற்கிறது என்ற இரண்டையும் பார்த்து வண்டியை முடிவு செய்துவிட்டு, அதற்கு எந்த மானியம் ஒட்டும் என்று பிறகு தேட வேண்டும். தலைகீழாகச் செய்தவர்கள் கடனில் மாட்டியதற்கு வெளிநாட்டில் கண்கூடான உதாரணம் உண்டு. அதைப் பின்னால் சொல்கிறேன்.

அதற்கு முன், அரசு ஏன் பணம் தர முன்வருகிறது என்பதைப் புரிந்துகொள்வது நல்லது. டீசல் எஞ்சின் புகை மனிதருக்குப் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012-இல் உறுதியாக வகைப்படுத்திவிட்டது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பவர் ஓட்டுநர். அடுத்தது கிளீனர், அதற்கடுத்தது சாலையோரம் குடியிருப்பவர்கள். எஞ்சினுக்கு எஞ்சின் வேறுபாடும் சாதாரணமானதன்று. பி.எஸ்.3 கனரக எஞ்சின் ஒரு கிலோவாட் மணி வேலைக்கு 0.10 கிராம் துகளும் 5 கிராம் நைட்ரஜன் ஆக்சைடும் விடலாம். 2020 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள பி.எஸ்.6 விதியில் துகள் 0.01 கிராம், நைட்ரஜன் ஆக்சைடு 0.40 கிராம். அதாவது ஒரு பழைய வண்டி போனால் பத்துப் புதிய வண்டிகளின் புகை சாலையிலிருந்து போகிறது. டீசல் லாரிகள் நாட்டின் மொத்த வாகனங்களில் வெறும் 3 சதவீதம்தான், ஆனால் போக்குவரத்துத் துறையின் பசுங்குடில் வாயுவில் 42 சதவீதம் அவற்றிலிருந்து வருகிறது என்று மத்தியக் கனரகத் தொழில் அமைச்சகமே சொல்கிறது. பணம் இந்தப் பக்கம் திரும்பியது நியாயமானது; சொல்லப்போனால் மிகவும் தாமதமானது.

உடைத்துவிட்டு புது டீசல் வாங்குவது

2021 ஆகஸ்ட் 13 அன்று பிரதமர் அறிவித்த பழைய வாகன அழிப்புக் கொள்கையில் ரொக்க மானியம் என்று எதுவும் இல்லை. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். அரசு அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்தில் வண்டியை ஒப்படைத்தால் ஒப்படைப்புச் சான்றிதழ் கிடைக்கும். அந்தச் சான்றிதழைக் காட்டினால் புதிய வண்டிக்குச் சில சலுகைகள் கிடைக்கும். அவ்வளவுதான்.

அந்தச் சலுகைகளைப் பணமாக மாற்றிப் பார்ப்போம். வரி நீங்கலாக 40 லட்சம் ரூபாய் விலையுள்ள புதிய லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். உடைப்பு மதிப்பாகப் புதிய வண்டியின் விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கலாம் என்று கொள்கை சொல்கிறது. அது சுமார் 1.6 லட்சத்திலிருந்து 2.4 லட்சம் வரை. உற்பத்தியாளர் தள்ளுபடியாக மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு 3 சதவீதம் தருவதாக 2024 ஆகஸ்டில் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டன, அதுவும் இரண்டு ஆண்டுகளுக்கு. இதில் 1.2 லட்சம். பதிவுக் கட்டணம் 1,500 ரூபாய் தள்ளுபடி. வாகன வரியில் போக்குவரத்து வாகனங்களுக்கு 8 ஆண்டுகள் வரை 15 சதவீதம் வரை சலுகை. நம் மாநிலத்தில் லாரிக்கு வரி காலாண்டுக்கு ஒருமுறை சில ஆயிரங்களில் கட்டப்படுவதால் இந்த 15 சதவீதம் பெரிய தொகையாகத் திரளாது. மத்திய விதி "வரை" என்றுதான் சொல்கிறது என்பதையும் கவனிக்க வேண்டும். எவ்வளவு, எப்போதிலிருந்து என்பது மாநில அரசின் ஆணையைப் பொறுத்தது. எல்லாம் சேர்ந்து மூன்றிலிருந்து நான்கு லட்சம்.

இதற்கு எதிரே காயலான் கடைக்காரர் நிற்கிறார். அவர் இரும்புக்கு மட்டும் விலை போடுவதில்லை. எஞ்சின், கியர்பாக்ஸ், கிரவுன், ரேடியேட்டர், ஓடக்கூடிய டயர் என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக மறுவிற்பனை செய்வார். அதனால் அவரால் அங்கீகார மையத்தைவிடக் கூடுதலாக, அதுவும் கையில் ரொக்கமாகத் தர முடிகிறது. இன்னும் ஒரு வழி, எஃப்.சி. உயிரோடு இருக்கும்போதே வேறு மாவட்டத்துக்காரருக்கு ஓடும் வண்டியாக விற்பது. பண அளவில் மூன்றில் இதுவே மேல். சிறு உரிமையாளர்கள் பெரும்பாலும் இதைத்தான் செய்கிறார்கள். அவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் காற்றுக்கு இதனால் ஒரு பயனும் இல்லை. நாமக்கல்லை விட்டுப் போன புகை ராமநாதபுரத்தில் மணல் லோடு அடிக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

காயலான் கடையில் இன்னொரு சிக்கல் இருக்கிறது. வண்டி துண்டுதுண்டாகிப் போனாலும் ஆர்.சி. உயிரோடு இருக்கும். அரசுக் கணினியில் வண்டி இன்னும் உங்கள் பெயரில்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. வரி நிலுவை ஏறும். சேசிஸ் நம்பர் உள்ள துண்டு வேறொரு வண்டியில் ஏறினால், அந்த வண்டி எங்கே விபத்துக்குள்ளானாலும் உங்கள் வீட்டுக் கதவுதான் தட்டப்படும். அங்கீகார மையத்தில் சேசிஸ் நம்பரை வெட்டி எடுத்துப் பாதுகாப்பில் வைத்து, பதிவை நீக்கி, அழிப்புச் சான்றிதழும் தருகிறார்கள். கிடைக்கும் தொகை கொஞ்சம் குறைந்தாலும் இந்த நிம்மதிக்கு ஒரு விலை போட்டுத்தான் ஒப்பிட வேண்டும்.

இந்தக் கணக்கையே புரட்டிப்போட்ட ஒன்று 2025 செப்டம்பர் 22 அன்று நடந்தது. சரக்கு வாகனங்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 சதவீதமாகக் குறைந்தது. அதே 40 லட்ச ரூபாய் லாரியில் இது 4 லட்சம் ரூபாய். உடைப்புக் கொள்கையின் எல்லாச் சலுகைகளையும் கூட்டினாலும் இந்த ஒரு வரிக் குறைப்பை எட்டிப் பிடிப்பதே அரிது. பெரிய நிறுவனங்கள் கட்டிய ஜி.எஸ்.டி.யை உள்ளீட்டு வரியாகத் திரும்ப எடுத்துக்கொள்வதால் அவர்களுக்கு இதில் பெரிய மாற்றமில்லை. டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு வண்டியை வாடகைக்கு விடும் ஒற்றை லாரி உரிமையாளருக்கு அந்த வசதி கிடையாது. அவருக்கு முழுப் பத்துச் சதவீதமும் மிச்சம். எனவே புது டீசல் வண்டி வாங்க நினைத்துத் தள்ளிப்போட்டவர்களுக்கு உண்மையான உதவி உடைப்புக் கொள்கையிலிருந்து வரவில்லை, வரிக் குறைப்பிலிருந்து வந்தது. என் வருத்தமெல்லாம், அந்த நாலு லட்சத்தைப் பெறப் பழைய வண்டியை உடைக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டிருந்தால் இந்நேரம் எத்தனை பி.எஸ்.2, பி.எஸ்.3 வண்டிகள் சாலையை விட்டுப் போயிருக்கும்!

வடக்கே நேஷனல் பர்மிட்டில் ஓடுபவர்களுக்கு இன்னொரு கட்டாயமும் உண்டு. டெல்லியில் பதிவாகாத சரக்கு வாகனங்களில் பி.எஸ்.4-க்குக் கீழே உள்ளவை 2025 நவம்பர் 1 முதல் டெல்லிக்குள் நுழைய முடியாது. பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம். டெல்லி லோடு எடுப்பவருக்கு மானியம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பி.எஸ்.6 வண்டி தேவைதான்.

மின் லாரி

மத்திய அரசின் மின் வாகன மானியத் திட்டமான பி.எம். இ-டிரைவ் 2024 அக்டோபர் 1 அன்று தொடங்கியது. மொத்தம் 10,900 கோடி ரூபாய். அதில் லாரிக்கு 500 கோடி. விதிமுறைகள் 2025 ஜூலை 10 அன்று வந்தன. மூன்றரை டன்னிலிருந்து 55 டன் வரை மொத்த எடையுள்ள மின் லாரிகளுக்கு, எடையைப் பொறுத்து, அதிகபட்சம் 9.6 லட்சம் ரூபாய். டிரெய்லர் வண்டியானால் முன்னால் இழுக்கும் டிராக்டர் பகுதிக்கு மட்டும். இந்தப் பணம் உங்கள் வங்கிக் கணக்குக்கு வராது. விற்பவர் விலையிலேயே கழித்துக்கொண்டு விற்பார். பிறகு முந்தி வருபவருக்கு முதலில் என்ற வரிசைப்படி அரசிடமிருந்து அவர் பெற்றுக்கொள்வார். பழைய லாரியை உடைத்த சான்றிதழ் இல்லாமல் இந்தத் தள்ளுபடி இல்லை. வரிக் குறைப்பில் விட்டுப்போன முடிச்சை இங்கே சரியாகப் போட்டிருக்கிறார்கள்.

நாடு முழுமைக்கும் இலக்கு சுமார் 5,600 வண்டிகள். அதிலும் 1,100 வண்டிகளுக்கான 100 கோடி டெல்லிக்கு என்று ஒதுக்கப்பட்டிருக்கிறது. மிச்சம் நாலாயிரத்து ஐந்நூறு. நாமக்கல், சங்ககிரி இரண்டு ஊர் லாரிகளுக்கே போதாத எண்ணிக்கை இது.

இப்போது கணக்குக்கு வருவோம். 55 டன் டிராக்டர் டிரெய்லரை எடுத்துக்கொள்கிறேன். டீசல் வண்டி 45 லட்சம், மின் வண்டி 1.2 கோடி என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் 75 லட்சம். மானியம் 9.6 லட்சம் போக 65 லட்சம் சொச்சம். டீசல் லிட்டர் 92 ரூபாய், நிறை சுமையில் லிட்டருக்கு இரண்டே முக்கால் கிலோமீட்டர் என்றால் கிலோமீட்டருக்கு 33 ரூபாய். மின் வண்டி கிலோமீட்டருக்கு ஒன்றரை யூனிட், யூனிட் 12 ரூபாய் என்றால் 18 ரூபாய். கிலோமீட்டருக்கு 15 ரூபாய் மிச்சம். நாளைக்கு 200 கிலோமீட்டர், ஆண்டுக்கு 300 நாள் ஓடினால் 9 லட்சம் மிச்சமாகும். 65 லட்சத்தை இதில் எடுக்க ஏழு ஆண்டுக்கு மேல் ஆகும், வட்டியைச் சேர்க்காமலே. அதே வண்டி இடையில் ஒருமுறை சார்ஜ் ஏற்றி நாளைக்கு 400 கிலோமீட்டர் ஓடினால் ஆண்டுக்கு 18 லட்சம். மூன்றரை ஆண்டு சொச்சத்தில் வித்தியாசம் தீர்ந்துவிடும்.

இந்த இரண்டு கணக்கையும் உத்தரவாதத்தோடு பொருத்திப் பார்க்க வேண்டும். திட்ட விதிப்படி பேட்டரிக்கு 5 ஆண்டு அல்லது 5 லட்சம் கிலோமீட்டர், வண்டிக்கும் மோட்டாருக்கும் 5 ஆண்டு அல்லது 2.5 லட்சம் கிலோமீட்டர் உத்தரவாதம் தர வேண்டும். 400 கிலோமீட்டர் ஓடும் வண்டியின் போட்ட பணம் பேட்டரி உத்தரவாதத்துக்குள்ளேயே திரும்பிவிடுகிறது. 200 கிலோமீட்டர் ஓடும் வண்டிக்கு உத்தரவாதம் முடிந்த பிறகும் இரண்டு ஆண்டுக்கு மேல் பேட்டரியை நம்பி ஓட்ட வேண்டியிருக்கிறது. மானியத்தின் ஒன்பது லட்சம் என்பது குறைந்த ஓட்டத்தில்கூட ஓர் ஆண்டு மிச்சத்துக்குச் சமம்தான். தினசரி ஓட்டம் இரட்டிப்பானால் மூன்றரை ஆண்டுக்கு மேல் குறைகிறது. மானியம் எவ்வளவு என்ற கேள்வியை இரண்டாம் இடத்துக்குத் தள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

அப்படியானால் 400 கிலோமீட்டரும் ஓட வேண்டும், வெளியூரில் சார்ஜுக்கு அலையவும் கூடாது. இது எங்கே நடக்கும்? புறப்படும் இடமும் சேரும் இடமும் மாறாத ஓட்டத்தில். சிமென்ட் ஆலையிலிருந்து ரயில்வே யார்டு. எஃகு ஆலைக்குள் ஓட்டம். துறைமுகத்திலிருந்து கன்டெய்னர் கிடங்கு. அரசும் துறைமுகம், சிமென்ட், எஃகு, சரக்குப் போக்குவரத்து ஆகியவற்றைத்தான் மனத்தில் வைத்திருக்கிறது. பொதுத்துறை எஃகு நிறுவனமான செயில் இரண்டு ஆண்டில் 150 மின் லாரிகள் வாங்குவதாகவும், தன் ஆலைகளில் வாடகைக்கு எடுக்கும் வாகனங்களில் 15 சதவீதம் மின்சாரத்தில் ஓடுவதாக இருக்கும்படி பார்த்துக்கொள்வதாகவும் சொல்லியிருக்கிறது. இந்த இரண்டாவது செய்திதான் லாரி உரிமையாளருக்கு முக்கியம். ஆலையோ துறைமுகமோ ஐந்து ஆண்டுக்கு எழுத்துப்பூர்வமாக லோடு உறுதி தந்தால் வங்கி கடன் தரும். அந்தக் கடிதம் இல்லாமல் வெறும் மானியத்தை நம்பி ஒரு கோடிக்குக் கையெழுத்துப் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன்.

எண்ணூர் விரைவுச் சாலையில் சென்னைத் துறைமுகத்துக்காக வரிசையில் நிற்கும் டிரெய்லர்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். வண்டி பத்தடி நகரும், நிற்கும். எஞ்சினை அணைத்தால் வரிசை நகரும்போது மறுபடி ஸ்டார்ட் செய்ய வேண்டுமே என்று பலர் அணைப்பதில்லை. நிற்கும் எஞ்சின் மணிக்கு இரண்டு மூன்று லிட்டர் குடிக்கும். வலப்பக்கம் வீடுகள், பள்ளிக்கூடம், மீன் விற்கும் பெண்கள். எல்லோர் முகத்துக்கு நேரேயும் புகைக்குழாய். இங்கே பி.எஸ்.6 டீசல்கூட முழுத் தீர்வாகாது. அதன் துகள் வடிகட்டியில் சேரும் கரி எரிந்து தீர, வடிகட்டி நன்றாகச் சூடேற வேண்டும். ஊர்ந்து செல்லும் வண்டியில் அந்தச் சூடு கிடைக்காது; வடிகட்டி அடைக்கும், டேஷ்போர்டில் விளக்கு எரியும், ஓரமாக நிறுத்தி எஞ்சினை உயர் வேகத்தில் ஓடவிட்டு எரிக்க வேண்டும். வேலை நாள் கெடும். சில இடங்களில் வடிகட்டியையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். அரசு கொடுத்த சலுகையும் வண்டிக்காரர் கொடுத்த கூடுதல் விலையும் அன்றோடு வீண். நின்று நகரும் குறுந்தூர ஓட்டத்துக்கு மின் வண்டி, நிற்காமல் ஓடும் நெடுந்தூரத்துக்கு பி.எஸ்.6 டீசல் என்று நான் பிரிப்பது விலைக்காக மட்டுமன்று, எஞ்சினின் இயல்பே அப்படி.

மின் வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். தமிழ்நாடு மின்வாகனக் கொள்கை 2023 சாலை வரியிலிருந்து முழு விலக்கும் தந்தது. பதிவு செய்யும் நாளில் எந்த ஆணை நடைமுறையில் இருக்கிறது என்பதை ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் கேட்டு உறுதிசெய்துகொண்டு முன்பணம் கட்டுங்கள். விற்பனையாளர் வாய்ச்சொல்லில் கட்ட வேண்டாம். பழைய மின் லாரிக்கு இன்னும் நம் ஊரில் சந்தை உருவாகவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. டீசல் வண்டியைத் தவணை கட்ட முடியாத மாதத்தில் விற்றுவிட்டுக் கடனை அடைக்கலாம். மின் வண்டியில் அந்த வாசல் இப்போதைக்கு அடைபட்டிருக்கிறது.

எரிவாயு

சி.என்.ஜி. கிட் பொருத்திவிடலாமா என்று அண்ணன் கேட்டார். பி.எஸ்.6 கனரக லாரிக்கு முடியாது. பி.எஸ்.6 டீசல் வண்டியின் எஞ்சினை எடுத்துவிட்டு எரிவாயு எஞ்சின் வைக்க 2022-இல் கிடைத்த அனுமதியும் மூன்றரை டன்னுக்குக் கீழே உள்ளவற்றுக்குத்தான். தொழிற்சாலையிலேயே எரிவாயுவுக்காகச் செய்யப்பட்ட லாரியை வாங்கலாம். ஆனால் அதற்கு பி.எம். இ-டிரைவ் மானியம் கிடையாது. திரவ இயற்கை எரிவாயு (எல்.என்.ஜி.) வண்டிகள் நெடுந்தூரத்துக்கு நல்லவை, மைனஸ் 162 டிகிரியில் எரிபொருளைத் தாங்கும் டேங்க் இருப்பதால் ஒருமுறை நிரப்பினால் வெகுதூரம் போகும். எண்ணூரில் 2019 முதல் இறக்குமதி முனையமும் இருக்கிறது. நீங்கள் ஓடும் வழியில் நிரப்பும் நிலையம் உண்டா என்பதுதான் கேள்வி. வழியில் குறைந்தது இரண்டு நிலையங்களாவது இல்லாவிட்டால் வேண்டாம்.

அமெரிக்காவில் தருவதும் இங்கே இல்லாததும்

இதுவரை சொன்னவற்றில் ஒன்று குறைகிறது. ஓடிக்கொண்டிருக்கும் பி.எஸ்.4 வண்டியை உடைக்காமல், அதன் புகையை மட்டும் குறைக்க எந்த உதவியும் இங்கே இல்லை. அமெரிக்காவில் 2005-ஆம் ஆண்டு எரிசக்திச் சட்டத்தின்கீழ் உருவாகி 2008-இல் பணம் ஒதுக்கப்பட்ட டீசல் புகைக் குறைப்புத் திட்டம் வேறு மாதிரி யோசித்தது. அதன் தேசிய மானியங்களில், அங்கீகாரம் பெற்ற வடிகட்டியைப் பழைய வண்டியில் பொருத்த 100 சதவீதச் செலவையும் அரசே ஏற்கலாம். எஞ்சினை மட்டும் மாற்றினால் 40 சதவீதம், மின் மோட்டார் வைத்தால் 60 சதவீதம். வண்டியையே மாற்றினால் புது டீசலுக்கு 25 சதவீதம், மின் வண்டிக்கு 45 சதவீதம். துறைமுக லாரிகளுக்குத் தனியாக 50 சதவீதம்.

இந்த வரிசையைக் கூர்ந்து பாருங்கள். உரிமையாளருக்குப் புதுச் சொத்து எதுவும் சேராத வேலைக்கு அரசு முழுப் பணம் தருகிறது. வடிகட்டி பொருத்தினால் லாரிக்காரருக்கு மைலேஜ் கூடாது, வாடகை கூடாது; நன்மை முழுவதும் ஊராருக்கு. அதனால் செலவும் ஊராருடையது. புது வண்டி வாங்கினால் உரிமையாளருக்கும் லாபம், எனவே அவர் பங்கு அதிகம். எனக்கு இது மிகவும் நேர்மையான கணக்காகப் படுகிறது. நம் திட்டம் ஒரே வகை வண்டிக்கு மட்டும் அதிகபட்சத் தொகை வைத்துவிட்டு நிற்கிறது. நம் சாலையில் இன்னும் பல ஆண்டுகள் ஓடப்போகும் பி.எஸ்.4 வண்டிகளுக்குச் சோதித்து அங்கீகரித்த வடிகட்டியும் அதற்கு முழு மானியமும் கேட்டு லாரி உரிமையாளர் சங்கங்கள் டெல்லியில் குரல் கொடுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை.

பழைய எஞ்சின் திரும்பி வராமல் பார்த்துக்கொள்வதிலும் அவர்கள் கறார். எஞ்சின் பிளாக்கில் மூன்று அங்குல அகலத்துக்குத் துளை போட வேண்டும், சேசிஸின் இரண்டு பக்கச் சட்டங்களையும் அறுக்க வேண்டும், இரண்டையும் படம் எடுத்துக் கொடுக்க வேண்டும். துளை விழுந்த பிளாக்கை எந்த மெக்கானிக்காலும் உயிர்ப்பிக்க முடியாது.

ஆனால் முன்பே சொன்ன எச்சரிக்கையும் அந்த நாட்டிலிருந்துதான் வருகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ், லாங் பீச் துறைமுகங்கள் 2008 அக்டோபர் 1 முதல் 1989-க்கு முந்தைய லாரிகளைத் தடுத்தன. 2012-க்குள் 2007-ஆம் ஆண்டு புகை விதிக்கு உட்பட்ட வண்டிகள் மட்டுமே உள்ளே வரலாம் என்றாயிற்று. காற்று வியக்கத்தக்க அளவில் சுத்தமானது. புது வண்டியின் விலை யார் தலையில் விழுந்தது என்பதுதான் கேள்வி. பல போக்குவரத்து நிறுவனங்கள் வண்டியை வாங்கி, வாடகைக் கொள்முதல் என்ற பெயரில் ஓட்டுநர்களிடம் கொடுத்து, வாரக் கூலியில் தவணையைப் பிடித்துக்கொண்டன. வேலை போனால் வண்டியும் போகும், அதுவரை கட்டிய தவணையும் போகும். ஒரு வாரம் முழுக்க ஓடிவிட்டுக் கையில் ஏதுமில்லாமல் வீடு திரும்பியவர்கள் உண்டு. நம் ஊரிலும் மின் லாரியை நிறுவனம் வாங்கி, "நீங்கள் ஓட்டித் தவணை கட்டுங்கள்" என்று ஒப்பந்தம் நீட்டும் நாள் வரும். கட்டிய தவணைக்கு வண்டியில் உங்கள் பங்கு எவ்வளவு, லோடு இல்லாத மாதத்தில் தவணை யாருடையது, ஒப்பந்தம் முறிந்தால் என்ன திரும்பக் கிடைக்கும் என்ற மூன்றுக்கும் எழுத்தில் பதில் இல்லாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள்.

அண்ணனின் இரண்டு லாரிகள்

ஒன்று 2010 மாடல் பி.எஸ்.3, செங்கல், ஜல்லி என்று அக்கம்பக்கத்தில் ஓடுகிறது. மற்றொன்று 2018 மாடல் பி.எஸ்.4, பெங்களூரு, ஹைதராபாத் லைன். மின் லாரி இரண்டுக்கும் பொருந்தவில்லை. முதல் வண்டிக்கு நாளைக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓட்டமில்லை. இரண்டாவதுக்கு ரிட்டர்ன் லோடு எங்கே கிடைக்கும் என்றே தெரியாது.

பி.எஸ்.4 வண்டியை அவர் வைத்துக்கொள்ளட்டும் என்றேன். டெல்லிக்குப் போவதில்லை, எஞ்சின் நன்றாக இருக்கிறது, தவணையும் முடியப்போகிறது. பி.எஸ்.3 வண்டியை அடுத்த எஃப்.சி.க்குக் காசு கொட்டாமல் அங்கீகார மையத்தில் உடைத்துவிடச் சொன்னேன். அதற்குப் பதில் புது வண்டி வேண்டாம். இரண்டு மூன்று வயதான பி.எஸ்.6 வண்டியை செகண்ட் ஹேண்ட் விலையில் வாங்கினால் போதும். ஏற்கெனவே ஓடிய வண்டியை வாங்கினால் உடைப்புச் சலுகை ஒட்டாது என்பது உண்மை. ஆனால் ஒப்படைப்புச் சான்றிதழை மின்னணு முறையில் இன்னொருவருக்கு விற்க விதி இடம் தருகிறது. மின் லாரி வாங்கும் நிறுவனத்துக்குச் சான்றிதழ் இல்லாமல் 9.6 லட்சம் வரையிலான தள்ளுபடி கிடைக்காது. எடைக்கு எடை பொருந்தும் சான்றிதழைத் தேடி அவர்கள் வந்தே ஆக வேண்டும். சிறு உரிமையாளர் இந்தத் திட்டத்தில் வண்டி வாங்காமலே பயன்பெற இருக்கும் ஒரே வழி இது. இதைப் பற்றி யாரும் ஊரில் பேசுவதில்லை.

மையத்துக்கு வண்டியைக் கொண்டுபோவதற்கு முன் ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் கம்பெனியின் பெயர் நீக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். கடன் முடிந்தும் பெயர் நீக்காத ஆர்.சி.க்கள் நம் பக்கம் ஏராளம். நிலுவை வரி, கேமராவில் விழுந்த அபராதம், வழக்கு ஏதும் இருந்தால் முதலில் தீர்த்துவிடுங்கள். சான்றிதழுக்குச் செல்லுபடிக் காலம் உண்டு. அதனால் வாங்குபவரைப் பேசி வைத்துக்கொண்டு பிறகு வண்டியை ஒப்படைப்பது நல்லது. நல்ல டயர்களையும் புது பேட்டரியையும் கழற்றி மற்ற வண்டிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று மையத்தில் முன்கூட்டியே கேளுங்கள்; விலை பேசும்போது அதையும் சேர்த்துத்தான் எடை போடுவார்கள்.